சுழல்துப்பாக்கியும் சான்றும்

1847ஆம் ஆண்டில், மெக்ஸிகோப் போரின்போது, அமெரிக்கப் படைத்தலைவர் சாமுவேல் வாக்கர் கூறிய யோசனைப்படி, சாமுவேல் கோல்ட் ஆறுகுண்டுச் சுழல்துப்பாக்கி செய்தளித்தார். சர்க்கார் பெற்றவை ஆயிரமே. ஏ, பி, ஸி, டி என்னும் படைக் கம்பெனிகளின் முத்திரையோடு தனித்தனியே 220 வரையும், ஈ கம்பெனி முத்திரையோடு 120 வரையும் எண்கள் பொறிக்கப்பெற்றன. பல, மருந்தின் வேகம் தாங்காது வெடித்தன, எஞ்சியவை சிலவே. அவ்வருமை கண்டு பொய்முத்திரை குத்துவோரும் தோன்றினர்.

ஆதலின் விஷயமறிந்தோர், விற்பவன் சொல்லும் வீரக்கதையை நம்பார். குழல், சட்டம், உருளை மூன்றிலும் எண் ஒத்துள்ளதா என நோக்குவர். செக்ரோலில் இல்லாத ஆளுக்குச் சம்பளம் கேட்டால் கிராணி மறுப்பதுபோல, "ஈ கம்பெனி 150" என்றிருப்பின் மறுத்தொதுக்குவர்.

நண்பர்களே! பழமையென்ற பெயர் மெய்ம்மைக்குச் சான்றாகாது. துப்பாக்கியாயினும் வழக்கமாயினும், ஆராய்ந்தே ஏற்போமாக.