சூழலியலும் ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகமும்

தங்கைக்கு உயிரியல் பரீட்சை. கேள்வி கேட்கும் வேலை எனக்கு. (பி.காம். படிக்கிறவன் வேறென்ன உதவி செய்ய முடியும்? புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான்.) சூழலியல் பாடத்தில் ஒரு வரைபடம் வந்தது. இரண்டு கோடுகள். ஒன்று பனிமுயல், இன்னொன்று அதைத் தின்று வாழும் லிங்க்ஸ் என்ற கனடாவின் காட்டுப்பூனை. முயல் பெருகினால் கொஞ்சம் தாமதமாகப் பூனையும் பெருகுகிறது. முயல் குறைந்தால் பின்னாலேயே பூனையும் குறைகிறது. சுமார் பத்து ஆண்டுக்கு ஒரு அலை. கீழே 1845-லிருந்து 1935 வரை ஆண்டுகள் போட்டிருந்தன.

எனக்கு வந்தது உயிரியல் சந்தேகம் இல்லை, கணக்குச் சந்தேகம். 1845-ல் கனடாவின் பனிக்காட்டுக்குள் போய் பூனையையும் முயலையும் எண்ணியது யார்? அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? தேட ஆரம்பித்தேன். நாலு நாள் அதிலேயே போய்விட்டது நண்பர்களே. காஸ்ட் அக்கவுண்டிங் அப்படியே கிடக்கிறது :-)

விடை இதுதான்: யாரும் எண்ணவில்லை. எண்ணியது தோலை.

1670-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒரு கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். பெயர் ஹட்சன் பே கம்பெனி. ஹட்சன் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலப்பரப்பு முழுவதிலும் வியாபாரம் செய்யும் தனியுரிமை அவர்களுக்கு. அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த க்ரீ போன்ற பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை என்பது தனிக்கதை. ஆனால் காட்டுக்குள் பொறி வைத்து விலங்கைப் பிடித்துத் தோலைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கம்பெனிக்காரர் கோட்டையில் உட்கார்ந்து வாங்கினார்.

காசு புழங்காத இடம் என்பதால் பீவர் தோலே அங்கே காசு. நல்ல பீவர் தோல் ஒன்று ஒரு அலகு. துப்பாக்கி, பாத்திரம், கம்பளி எல்லாவற்றுக்கும் 'இத்தனை பீவர்' என்று விலை. லிங்க்ஸ் தோலுக்கும் அதே அளவில் மதிப்பு. பின்னாளில் பித்தளை வில்லைகளும் அடித்தார்கள். எந்தக் கோட்டையில் எந்த ஆண்டு என்ன தோல் எத்தனை வந்தது, லண்டனில் எத்தனை விற்றது என்று விடாமல் எழுதி வைத்தார்கள். பங்குதாரருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே!

இதை உயிரியல் பக்கம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் எல்டன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1921-ல், தன் 21-ஆம் வயதில் (நம்ம வயசு!) வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு ஆய்வுக் குழுவோடு போனார். மழைக்காடு மாதிரி ஆயிரக்கணக்கான இனங்கள் அங்கே இல்லை. பாசி, பூச்சி, பறவை, துருவ நரி, கரடி என்று எண்ணிவிடக்கூடிய கூட்டம். யார் யாரைத் தின்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டே வரைந்துவிடலாம். 1923-ல் சம்மர்ஹேஸ் என்ற தாவரவியலாளருடன் சேர்ந்து அப்படி ஒரு படத்தை வெளியிட்டார். இன்று நாம் உணவு வலை என்கிறோமே, அதன் முன்னோடிப் படங்களில் ஒன்று அது.

அதே காலத்தில் கனடாவைப் பற்றிய ஒரு புத்தகத்தில் ஹட்சன் பே கம்பெனியின் தோல் கணக்கு வரைபடமாக இருந்ததைப் பார்த்தார். 1924-ல் விலங்குகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவது பற்றிக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே கம்பெனி அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. 1931 வரை அந்த வேலை. அறிவியல் மீது காதலா என்றால், இருக்கலாம். ஆனால் எந்த ஆண்டு தோல் வரத்து குறையும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எந்த வியாபாரிதான் காசு கொடுக்க மாட்டான்?

1927-ல் வந்த அவருடைய 'அனிமல் எக்காலஜி' புத்தகம்தான் நம் பாடப்புத்தகத்தின் தாத்தா. உணவுச் சங்கிலி, எண்ணிக்கைப் பிரமிடு, ஒரு விலங்கு தன் சமூகத்தில் பார்க்கும் 'உத்தியோகம்' என்ற பொருளில் நீஷ், எல்லாம் அதில் இருக்கின்றன. நீஷ் என்ற சொல்லை 1917-லேயே அமெரிக்காவில் கிரின்னல் பயன்படுத்தியிருந்தார். ஆனால் அவர் வாழிடத்தை அழுத்திச் சொன்னார், எல்டன் செய்யும் வேலையை.

கணக்குப் புத்தகம் உயிரியலுக்கு உதவிய கதை இது ஒன்றுதான் என்று நினைத்தால் அதுவும் இல்லை. இத்தாலியில் உம்பெர்தோ டி'ஆன்கோனா என்ற உயிரியலாளர் ஏட்ரியாட்டிக் கடலோர மீன் சந்தைகளின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார. ஃபியூமே துறைமுகத்தில் வந்த மீனில் சுறா, திருக்கை மாதிரி மற்ற மீனைத் தின்பவற்றின் பங்கு 1914-ல் 11.9 சதவீதம். 1918-ல் 36.4. பிறகு இறங்கி 1923-ல் 10.7. நடுவில் நடந்தது முதல் உலகப்போர். வலை வீசப் போனவர்கள் குறைவு. மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும் கூடட்டும், சுறாவின் பங்கு மட்டும் ஏன் கூட வேண்டும்?

இதை அவர் கேட்டது தன் மாமனாரிடம். (அப்போது வருங்கால மாமனார் என்றும் சொல்கிறார்கள்!) அவர் விட்டோ வோல்டெரா, பெரிய கணித மேதை. 1926-ல் இரண்டு சமன்பாடுகளில் விடை கொடுத்தார். மீன்பிடிப்பு இரையையும் பிடிக்கிறது, இரைகொல்லியையும் பிடிக்கிறது. அதை மிதமாகக் குறைத்தால் சராசரியில் லாபம் இரைகொல்லிக்கு, நஷ்டம் இரைக்கு. இதே சமன்பாடுகளை அமெரிக்காவில் லோட்கா என்பவர் தனியாக முன்பே எழுதியிருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம். காமர்ஸ் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

காலரைக் கொஞ்சம் இறக்கவும் வேண்டியிருக்கிறது. விற்பனைப் பேரேட்டை மட்டும் கொடுத்து, குடோனில் சரக்கிருப்பு எவ்வளவு என்று கேட்டால் நம்மில் யாராவது சொல்வோமா? தோல் கணக்கு விற்பனைப் பேரேடு. காடு குடோன். தோல் குறைந்தால் பூனை குறைந்தது என்றுதான் அர்த்தமா? முயல் இல்லாத குளிர்காலத்தில் வேட்டைக்காரர் வீட்டிலும் சாப்பாடு இல்லை. அவர் லிங்க்ஸுக்குப் பொறி வைக்கப் போவாரா, பிள்ளைகளுக்கு மீன் தேடப் போவாரா? பிடித்த ஆண்டு வேறு, லண்டனில் விற்ற ஆண்டு வேறு என்ற குழப்பமும் உண்டு. நமக்கு நிதியாண்டுக் குழப்பம் மாதிரி.

அந்தப் பிரபலமான வரைபடம் 1937-ல் மெக்லூலிக் என்பவர் தொகுத்தது. 1953-ல் ஓடமின் பாடநூலில் ஏறி உலகம் சுற்றியது. அதில் முயல் கோடு ஒரே கணக்கு கூட இல்லை. பழைய ஆண்டுகளுக்குத் தோல் கணக்கு, பிறகு கேள்வித்தாள் அனுப்பி வாங்கிய பதில்கள். இப்படிப்பட்ட எண்களை 1973-ல் கில்பின் என்பவர் வோல்டெராவின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் எல்லாம் தலைகீழ்: பூனை முன்னால் போகிறது, முயல் பின்னால் வருகிறது. 'முயல்கள் லிங்க்ஸைத் தின்கின்றனவா?' என்றே கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்.

அதற்காக அலையே பொய் என்று ஆகிவிடாது. கனடாவின் யூகான் பகுதியில், க்ளுவானே என்ற இடத்தில், சார்லஸ் க்ரெப்ஸ் குழுவினர் 1986-லிருந்து பல ஆண்டுகள் காட்டிலேயே முயலை எண்ணினார்கள். ஒரு பகுதியில் வேலி போட்டு இரைகொல்லிப் பாலூட்டிகளைத் தடுத்தார்கள்; முயல் அடர்த்தி சுமார் இரண்டு மடங்கு. இன்னொரு பகுதியில் கூடுதல் தீனி போட்டார்கள், மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்துச் செய்த இடத்தில் பதினொரு மடங்கு! ஆக, பூனை மட்டும் தின்று முயல் குறைகிறது என்ற பாடப்புத்தகக் கதை பாதிக் கதை. தீனியும் சேர்ந்துதான் ஆட்டம்.

கம்பெனி தன் ஆவணங்களை 1994-ல் மனிடோபா மாகாணத்துக்குக் கொடுத்துவிட்டது. வின்னிபெக் நகரில் இருக்கின்றன. கம்பெனியின் கடைகள் கடன் தாங்காமல் 2025-ல் மூடப்பட்டன. 355 ஆண்டு வியாபாரம்!

இத்தனையையும் தங்கையிடம் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ செங்குத்துக் கோட்டுல என்னன்னு எழுதட்டும்? விலங்குன்னா, தோலுன்னா?" என்றாள்.

தோல் என்று எழுது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் காரணமும் எழுது என்றேன். பென்சிலால் எழுதிப் பார்த்தாள்.

"மார்க் குறைஞ்சா நீதான் பொறுப்பு."