ஊர் தேடிய பிள்ளைகளும் நகரம் மறந்த பிள்ளையும்

வீட்டை விட்டு ஓடிப்போய்க் காட்டில் குடியிருக்கும் சிறுவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையக் கதைகள் உண்டு. அவற்றில் இரண்டை அடுத்தடுத்து வாசித்தால்தான் ஒன்றின் அருமை இன்னொன்றால் விளங்கும். முதலாவது, 1944இல் இங்கிலாந்தில் வெளியான ‘பிரெண்டன் சேஸ்’. எழுதியவர் டெனிஸ் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்ட். காட்டு வாத்து சுடும் ஈயக் குண்டின் அளவுக்கு வழங்கும் ‘பிபி’ என்ற இரண்டெழுத்தைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். இரண்டாவது, 1959இல் அமெரிக்காவில் ஜீன் கிரெய்க்ஹெட் ஜார்ஜ் எழுதிய ‘மை சைட் ஆஃப் த மவுன்டன்’. இரண்டிலும் பிள்ளைகள் ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் குடியேறுகிறார்கள். உடுத்திப் போன துணி கிழிந்ததும் விலங்கின் தோலைத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஊருக்குள் தெரியாமல் பல மாதங்களை ஓட்டுகிறார்கள்.

இத்தனை ஒற்றுமை இருந்தும் இரண்டும் வேறு வேறு கதைகளாக இருப்பதற்குக் காரணம், அவர்கள் கிளம்பிய இடம். பிபியின் பையன்கள் செர்ரி வால்டன் என்ற சின்னக் கிராமத்திலிருந்து ஓடுகிறார்கள். ஜார்ஜின் பையன் நியூயார்க்கிலிருந்து ஓடுகிறான். கிராமத்திலிருந்து ஒரு பிள்ளை காணாமல் போனால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மாநகரத்திலிருந்து போனால் அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. இரண்டு நாவல்களின் போக்கும் முடிவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் வாசிப்பு.

முதலில் கிராமத்துப் பிள்ளைகள். ராபின், ஜான், ஹெரால்ட் என்ற மூன்று சகோதரர்கள். மூத்தவன் ராபினுக்குப் பதினைந்து வயது. அப்பாவும் அம்மாவும் இந்தியாவில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கல்யாணம் ஆகாத அத்தை எல்லனின் பொறுப்பில். ஈஸ்டர் விடுமுறை முடிந்து விடுதிப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மனமில்லாமல் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்துவிடுகிறார்கள். தட்டம்மையில் கிடக்கும் ஹெரால்ட் மட்டும் பிறகு வந்து சேர்ந்துகொள்கிறான். குழிந்த ஓக் மரம் ஒன்று வீடாகிறது. கையில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. எட்டு மாதம் அப்படியே கழிகிறது.

பெற்றோர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்ற ஒரு வரியை இங்கிலாந்து வாசகர் சட்டென்று தாண்டிப் போகலாம். நம்மால் அப்படித் தாண்டிப் போக முடியாது. இங்கே அதிகாரம் செய்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கப்பலேற்றி, அங்கே உறவினர் வீட்டிலோ பணம் வாங்கிக்கொண்டு வளர்ப்பவர்களிடமோ விட்டுவிட்டு வருவது வழக்கமாக இருந்தது. 1871இல் ஐந்து வயது ரட்யார்ட் கிப்ளிங்கையும் அவர் தங்கையையும் பம்பாயிலிருந்து கூட்டிப்போய் சவுத்ஸீயில் அப்படி ஒரு வீட்டில்தான் விட்டார்கள். அங்கே பட்ட துன்பத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஆகவே ராபினும் தம்பிகளும் ஓடுவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களை விட்டுப் பெரியவர்கள் போய்விட்டார்கள். பிபி இதைச் சோகமாக எழுதவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. ஆனாலும் அந்தப் பையன்கள் காட்டில் இருக்கும்போது யாருக்காகவும் ஏங்குவதே இல்லை என்பதைக் கவனித்தால் மனசு கனக்கிறது.

எழுதியவரின் வாழ்க்கையும் இதில் கலந்திருக்கிறது. உடல் நலிந்த பிள்ளை என்பதால் பிபியைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தார்கள். நார்தாம்ப்டன்ஷையரின் வயல்களிலும் தோப்புகளிலும் தனியாகச் சுற்றி வளர்ந்தவர். பெரியவரான பின் ரக்பி பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தார். விடுதிப் பள்ளியிலிருந்து பையன்கள் தப்புகிற கதையை எழுதியவர், அத்தகைய பள்ளி ஒன்றில் தினமும் அந்த வயதுப் பையன்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நாவல் வெளியானதோ போர்க்காலத்தில். 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து அரசாங்கமே லட்சக்கணக்கான நகரத்துப் பிள்ளைகளை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பிவைத்த நாடு அது. யாரும் அனுப்பாமல் தாங்களே முடிவெடுத்துப் போகும் பிள்ளைகளின் கதை அப்போது எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி நியூயார்க் பையன். சாம் கிரிப்லியின் வீட்டில் பதினொரு பேர், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். பையன் என்றால் ஒருமுறை இப்படிச் செய்து பார்க்கத்தான் செய்வான், சீக்கிரம் திரும்பிவிடுவான் என்று அப்பா சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார். ஒரு பேனாக்கத்தி, கயிற்றுருண்டை, கோடாலி, சிக்கிமுக்கிக் கல்லும் இரும்பும், சேர்த்துவைத்த 40 டாலர்; இவ்வளவுதான் சாமான். கேட்ஸ்கில் மலையில் அவனுடைய கொள்ளுத் தாத்தா விவசாயம் பார்க்க முயன்று கைவிட்ட நிலம் இருக்கிறது. அதைத் தேடிப் போகிறான்.

இந்த நிலம்தான் கதையின் அடித்தளம். ராபின் சகோதரர்கள் நுழைவது அடுத்தவர் காட்டுக்குள். அங்கே அவர்கள் அத்துமீறியவர்கள். ஒவ்வொரு முயலும் திருட்டுக்குச் சமம். சாம் நிற்பதோ தன் குடும்பத்து மண்ணில். அந்த மண்ணும் ஆதிக் காடு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேட்ஸ்கில் மலைகளின் ஹெம்லாக் மரங்களைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பட்டைக்காக வெட்டித் தள்ளின. மரம் போன இடத்தில் விவசாயிகள் வந்தார்கள். கல்லும் சரிவுமான நிலம் கைகொடுக்காமல் பலர் போய்விட்டார்கள். 1885இல் நியூயார்க் மாநிலம் அங்குள்ள அரசு நிலங்களைக் காப்புக் காடாக்கியது. விட்டுப்போன பண்ணைகளிலும் மரம் மறுபடி வளர்ந்தது. சாம் தீயிட்டுக் குடைந்து வீடாக்குவது வெட்டுக்குத் தப்பி நின்ற ஒரு பழைய ஹெம்லாக். அவன் மான் தோலைப் பதனிடுவது, ஓக் மரத்து அடிக்கட்டையின் குழியில் தேங்கிய துவர்ப்பு நீரில் ஊறவைத்து. அந்த மலையின் தொழில் வரலாறு முழுவதும் ஒரு சிறுவன் கைக்குள் வந்துவிடுகிறது. ஒருகாலத்தில் மனிதர் வாழ்ந்து தோற்ற நிலத்தில்தான் அவன் ஜெயிக்கப் பார்க்கிறான்.

இரண்டு நாவல்களையும் நேருக்கு நேர் நிறுத்த ஒரு காட்சி போதும். இரண்டிலும் பையன் ஒரு கூட்டைத் தேடி ஏறுகிறான். ராபின் ஏறுவது நெடுமரத்தில், இங்கிலாந்தில் அபூர்வமாகவே கூடுகட்டும் தேன் பருந்தின் முட்டைக்காக. சாம் ஏறுவது பாறைச் சுவரில், பைரியின் குஞ்சுக்காக. ராபின் ஏறும் பக்கங்களில் பிபியின் எழுத்து உச்சத்தைத் தொடுகிறது. கிளையில்லாத அடிமரம், கீழே பார்க்கக் கூடாது என்ற பயம், ஏறியாக வேண்டும் என்ற வெறி எல்லாம் வாசிப்பவரின் கைகளையும் வியர்க்கவைக்கும். சாம் ஏறும்போது தாய்ப் பறவை பாய்ந்து தோளில் அறைகிறது. விழாமல் பிழைத்து ஒரு குஞ்சோடு இறங்குகிறான். அதற்கு ‘ஃப்ரைட்ஃபுல்’ என்று பெயர் வைத்து, நூலகத்தில் படித்து, இரை பிடிக்கப் பழக்குகிறான். அன்றிலிருந்து அவன் சாப்பாட்டில் பாதி அது கொண்டுவருவது.

ராபினுக்கு முட்டை ஒரு பேறு, பெட்டிக்குள் பஞ்சில் வைத்துப் பாதுகாக்கும் பொக்கிஷம். சாமுக்குக் குஞ்சு ஒரு கூட்டாளி. காட்டை நேசிப்பதில் இருவரும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ராபினின் நேசம் சேகரிப்பவனின் நேசம். ஓடிவந்த இடத்தில் இருக்கும்வரை எதையெல்லாம் பார்த்துவிட முடியுமோ பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் இருக்கிறது. சாமிடம் அந்த அவசரம் இல்லை. அவன் அங்கேயே இருக்கப்போகிறவன்.

இரண்டு செயலும் பின்னால் குற்றமாகிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1954இன் பறவைப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டை எடுப்பதைத் தடை செய்தது. ஜார்ஜ் எழுதிய காலத்திலோ டிடிடி பூச்சிமருந்தால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரிகள் அழிந்துகொண்டிருந்தன; முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைந்தது. அறுபதுகளின் நடுவில் மிஸ்ஸிசிப்பிக்குக் கிழக்கே கூடு கட்டும் பைரியே இல்லாமல் போனது. ஜார்ஜ் இதைத் தன் பிந்தைய கதைகளில் நேராக எதிர்கொண்டார். 1990இல் எழுதிய தொடர்ச்சியில், சட்டத்தைக் காட்டி ஃப்ரைட்ஃபுல்லைச் சாமிடமிருந்து பறிக்கிறார்கள். பிபி வேறு வழியில் கடனைத் தீர்த்தார். அருகிப்போன ‘பர்ப்பிள் எம்பரர்’ என்ற பட்டாம்பூச்சியைப் புழுப் பருவத்திலிருந்து வளர்த்து நார்தாம்ப்டன்ஷையர் காடுகளில் மறுபடி விட்டவர் அவர். பிடித்து வைப்பதில் தொடங்கிய இரண்டு பேரும் விட்டுவிடுவதில் வந்து நின்றார்கள்.

தேடலுக்கு வருவோம். செர்ரி வால்டனில் பையன்களைக் காணோம் என்றதும் சார்ஜென்ட் பன்டிங் கிளம்பிவிடுகிறார். வண்ணத்துப்பூச்சி வலையோடு பாதிரியார் காட்டுக்குள் வருகிறார். ஒவ்வொரு சுள்ளி ஒடியும் சத்தமும் ஆபத்து. அந்தத் துரத்தலில் ஒரு கொண்டாட்டமும் இருக்கிறது. குளத்தில் இறங்கிக் குளிக்கும் சார்ஜென்டின் துணியைப் பையன்கள் தூக்கிக்கொண்டு போகிற இடம் அப்பட்டமான கிராமத்துக் குறும்பு. துரத்துபவருக்கும் துரத்தப்படுபவருக்கும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும். பிடித்தால் காதைத் திருகுவார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்காது. தேடுகிற ஊர் இருப்பதால்தான் ஒளிவதில் ருசி.

சாமை யாரும் தேடவில்லை. அதனால் அவன் கதையில் துரத்தலே கிடையாது. மனிதர்கள் ஒவ்வொருவராகத் தற்செயலாக வந்து போகிறார்கள். முதல் இரவு தீ மூட்டத் தெரியாமல் நடுங்கியவனுக்கு, பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர்தான் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டும் விதம் சொல்லித்தருகிறார். டெல்ஹை ஊர் நூலகர் மிஸ் டர்னர் நிலத்தைக் கண்டுபிடிக்கவும் புத்தகம் எடுக்கவும் உதவுகிறார். வழி தவறி வந்த கல்லூரி ஆசிரியரை அவனே ‘பேண்டோ’ என்று பெயரிட்டு வைத்துக்கொள்கிறான். ராபின் சகோதரர்களுக்கும் அப்படி ஒருவர் உண்டு: காட்டில் கரிமூட்டம் போடும் கிழவர் ஸ்மோகோ பெப்பர். அவர் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. தனியாகப் பிழைப்பது என்று நாம் நினைக்கும் இரண்டு கதையிலும், தெரிந்துகொண்டும் சொல்லாமல் இருக்கும் பெரியவர் ஒருவர் இல்லாமல் பிள்ளை அத்தனை மாதங்களைத் தாண்டியிருக்க முடியாது.

பனிக்காலத்தைப் பற்றி ஜார்ஜ் எழுதியிருக்கும் இரண்டு பக்கங்கள் எனக்கு நாவலிலேயே முக்கியமானவை. களிமண் அடுப்பை மரத்துக்குள் கட்டியிருக்கிறான் சாம். ஒரு நாள் உள்ளே காற்றோட்டம் போதாமல் போய்விடுகிறது. ஃப்ரைட்ஃபுல் தலை தொங்கித் தள்ளாடுகிறது. பறவைக்கு உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் நினைக்கிறான். எழுந்தால் தனக்கே கால் தள்ளாடுகிறது. கரிப்புகை. பறவையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பிழைக்கிறான். பிற்பாடு மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது, மூட்டு வலிக்கிறது. ஈரல் வேண்டும் என்று உடம்பு கேட்கிறது. வைட்டமின் சி போதவில்லை என்பது பிறகுதான் தெரிகிறது. உடம்பு இப்படி முறையிடும் இடம் பிபியிடம் குறைவு. அவர் பையன்கள் மூன்று பேர். ஒருவன் சோர்ந்தால் இன்னொருவன் இருக்கிறான். தனியாக இருப்பவனுக்குத் தன் மயக்கத்தைச் சொல்ல ஒரு பறவை தேவைப்படுகிறது.

முடிவுகள் எதிரெதிர். ராபின் சகோதரர்களின் காட்டு வாழ்வு குளிர்காலம் வந்ததும் முடிந்து அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாகிறார்கள். எப்படியும் முடியும் என்று முதல் பக்கத்திலிருந்தே நமக்குத் தெரியும். எட்டு மாதம் கடன் வாங்கிய காலம். சாம் திரும்புவதே இல்லை. ‘காட்டுப் பையன்’ என்று பத்திரிகையில் செய்தி கசிய, அப்பா வந்து பார்த்துப் போகிறார். கடைசியில் குடும்பமே மலைக்கு வந்து இறங்குகிறது. பிள்ளைக்கு ஒழுங்கான வீடு வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். அவனைத் தேடாத வீடு அவனிருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. பையன்கள் இழந்தது காட்டை. சாம் இழந்தது தனிமையை; சாமின் இழப்புதான் கனமானது என்று நினைக்கிறேன். ராபினுக்கு அடுத்த கோடையிலும் அந்தக் காடு இருக்கும். அந்தத் தனிமை சாமுக்கு இனிக் கிடைக்காது. அதைவிட, அவனுக்கே அது இனி முழுதாக வேண்டியதில்லை என்பதை ஜார்ஜ் மறைக்காமல் எழுதுகிறார். ஆளரவம் கேட்கும் திசையில் அவன் காது போய்க்கொண்டே இருக்கிறது.

இரண்டிலும் ஓடுவது பையன்கள்தான். பள்ளி பிடிக்கவில்லை, வீட்டில் இடம் போதவில்லை என்பதே அவர்களுக்குப் போதுமான காரணம். அதே ஜார்ஜ் 1972இல் ‘ஜூலி ஆஃப் த வுல்வ்ஸ்’ எழுதியபோது, பதின்மூன்று வயது எஸ்கிமோச் சிறுமியை வீட்டைவிட்டு வெளியேற்ற அவருக்குக் கட்டாயக் கல்யாணமும் கணவன் என்பவனின் வன்முறையும் தேவைப்பட்டன. ஆசைப்பட்டு ஓடும் சிறுமியை அப்போது அவராலும் எழுத முடியவில்லை. இதை இரண்டு நாவல்களின் குறையாகவே குறித்துவைக்க வேண்டும்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை கேட்டால் முதலில் ‘பிரெண்டன் சேஸ்’ கொடுப்பேன். பறவை, பூச்சி, மரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பார்க்கிற கண் அதில் கிடைக்கும். நிஜமாகவே ஓடிப்போக மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையென்றால் மற்றதைக் கொடுப்பேன், அந்தக் கரிப்புகை அத்தியாயத்தை முதலில் படிக்கச் சொல்லி.