வனைந்தவர் பெயர்

கேமரன் மலையில் நாம் கொய்யும் கொழுந்துக்கும் பீங்கான் கோப்பைக்கும் பழைய உறவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கப்பல்களின் அடித்தட்டில் பீங்கான் பெட்டிகளை அடுக்கி, அவற்றுக்கு மேலேதான் தேயிலைப் பெட்டிகளை வைத்தார்கள். கடல்நீர் கசிந்தாலும் பீங்கானுக்குக் கேடில்லை. கப்பலுக்கு வேண்டிய பாரமும் கிடைத்தது. பெயரும் அப்படிக் கடல் கடந்ததே. மலாய்க்காரர் தட்டைப் ‘பிங்கான்’ என்பதும் நாம் ‘பீங்கான்’ என்பதும் ஒரே பாரசீகச் சொல்லின் வழி வந்தவை.

சீனத்தின் ஜிங்டெசென் நகரக் குயவர்கள், கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணோடு ஒருவகைக் கல்லையும் இடித்துக் கலந்தார்கள். ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் கல் உருகி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஆகவே தண்ணீர் ஊறாது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மெல்லிய கோப்பையில் வெளிச்சம் ஊடுருவும். ஐரோப்பியருக்கு இந்த வித்தை நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் மைசன் ஆலை 1710-இல்தான் தோன்றியது.

நம் ஊர்க் குயவர் சூளை பொதுவாக ஆயிரம் டிகிரியை எட்டுவதில்லை. துளைகள் அடைபடாததால் பானையில் நீர் கசிந்து ஆவியாகிறது. உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. இதைக் குறை என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. வெயில் நாட்டுக்கு ஏற்ற பானை அது.

இந்த இரு வழிகளும் அருகருகே நின்ற இடம் புதுச்சேரி. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் அங்கே ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிசென் என்னும் இடத்தில் தொழில் பயின்றவர். அங்கே பாண்டத்துக்குப் பூச்சுப் பூசுவதில்லை; சூளையில் பறக்கும் விறகுச் சாம்பலே படிந்து உருகி நிறம் தரும். புதுச்சேரியில் சவுக்கு விறகெரித்து, கல்லைப்போல் இறுகும் பாண்டங்களைச் சுட்டார்கள். பீங்கானுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று அவற்றைச் சொல்லலாம். உள்ளூர்த் தமிழர்கள் அங்கே வேலை பழகினார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள்.

மீக்கரின் துணிவு வியப்புக்குரியது. 1980-களில் அவர் பச்சை மண் செங்கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் நிரப்பி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டார்! வீடும் வெந்தது, உள்ளிருந்த சரக்கும் வெந்தது. விறகு நிறைய விழுங்கும் வேலைதான். ஆயினும் பானைக்கும் வீட்டுக்கும் மண் ஒன்றே என்று செய்து காட்டினார்.

அங்கே பயின்றவர் பலர் தம் பெயரிட்டுக் கண்காட்சி வைக்கும் கலைஞர்களானார்கள். அதே புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்த குயவரின் பானையிலோ பெயரில்லை. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று கீறியிருப்பவையும் பானையை உடைமையாகக் கொண்டவர் பெயர்களே என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். ஜப்பானிய மேதை ஹமாடா ஷோஜி தம் பாண்டங்களில் பெயர் பொறிக்காமல் விட்டது வேறு கதை. அவருக்கு 1955-இல் அந்நாட்டு அரசே பெரும் பட்டம் அளித்தது. பெயரை விட்டுவிட, முதலில் பெயர் இருக்க வேண்டுமல்லவா?

ரப்பர் தோட்டத்தில் நம்மவர் கழுவிக் கவிழ்த்த பால் மங்குகளை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் நீண்ட சூளைகளில் சீனக் குயவர்கள் சுட்டவை அவை. செய்தவர் பெயர் எவருக்குத் தெரியும்?

இவ்வாண்டு தீபாவளிக்குக் கையால் வனைந்த அகல் கிடைத்தால் கவிழ்த்துப் பாருங்கள். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த சுழி அடியில் தெரியும். திரி வைக்கும் மூக்கில், ஈர மண்ணைக் கிள்ளிய விரலின் தடம் இருக்கும்.