தெருவழியே தள்ளிக்கொண்டு போன ஆடைகள்

1984, லண்டன். சாரிங் குறொஸ் வீதியில் இருந்த சென் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் ஆடைக் காட்சி. பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஜோன் பேர்ஸ்ரீன். சவுத் மோல்ரன் வீதியில் இருந்த 'பிறவுண்ஸ்' கடையின் உரிமையாளர். ஒரு மாணவரின் தொகுப்பை அவர் முழுசாக வாங்கிக்கொண்டார். வான் பிடிக்கக் காசில்லாத அந்தப் பெடியன், உடுப்புகளைச் சில்லு வைத்த கம்பியில் தொங்கவிட்டு, தெருவழியே கடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போனாராம். அவை கடையின் கண்ணாடி யன்னலுக்கு வந்தன. முதலில் வாங்கினது பாடகி டயனா றொஸ் எண்டு சொல்லுவினம். மாணவரின் பெயர் ஜோன் கலியானோ.

ஃபஷன் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார்கள், ஒரே இரவில் ஒரு மேதை பிறந்த மாதிரி. எங்களுக்கு வேண்டியது அந்த இரவு இல்லை. அதற்கு முன்னால் காகிதத்தில் என்ன நடந்தது என்பதுதான்.

ஏனென்றால், கலியானோ அப்போது ஆடை வடிவமைப்பாளராக வர நினைத்திருக்கவே இல்லை. படிப்பு முடிய நியூயோர்க் போய் ஃபஷன் ஓவியராக வேலை செய்வதுதான் திட்டம். நல்லாகக் கீறுவார். பகலில் வகுப்பு. மற்ற நேரத்தில் நஷனல் தியேட்டரில் நடிகர்களுக்கு உடுப்பு மாட்டிவிடுகிற வேலை. நூலகத்திலும் விக்டோரியா அல்பேர்ட் அரும்பொருளகத்திலும் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படித்தான் இறுதியாண்டுத் தொகுப்புக்கு ஒரு பெயர் வந்தது: 'லே அன்குறுவாயாபிள்', நம்ப முடியாதவர்கள்.

யார் இந்த நம்ப முடியாதவர்கள்? 1794 யூலையில் றொபெஸ்பியர் வீழ்ந்து, கில்லற்றின் ஓய்ந்த பிறகு, பாரிஸ் தெருக்களில் ஒரு கூட்டம் இளைஞர்கள் கிளம்பினார்கள். நாடி மறையும் அளவுக்குக் கழுத்துத் துணி, ராட்சத மடிப்பு வைத்த இறுக்கமான கோட், காதுப் பக்கம் நாய்க்காது மாதிரித் தொங்கும் தலைமயிர், கையில் முறுக்குத் தடி. பேசும்போது 'ர' எழுத்தையே விழுங்கிவிடுவார்கள். கேலிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கார்ல் வேர்னே என்ற ஓவியர் அவர்களைக் கீறித் தள்ளினார், அச்சுப் படங்களாக விற்றன.

எங்கட ஊரில் யுத்தத்துக்குப் பிறகு தலைமயிர் வெட்டுக்கும் ஜீன்ஸுக்கும் பெடியள் வாங்கின ஏச்சு இங்கே ஞாபகம் வரும். வரட்டும். ஆனால் ஒப்பீட்டை அதுக்கு மேல் இழுக்கக் கூடாது. பாரிஸ்காரர்களில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், முடியாட்சிப் பக்கம் சாய்ந்தவர்கள். அந்தத் தடி அலங்காரத்துக்கு இல்லை, ஜக்கோபின்களைத் தெருவில் வைத்து அடிப்பதற்கு. உடுப்பு கலகமாக இருக்கலாம், யாருக்கு எதிரான கலகம் என்பது வேற கேள்வி.

எங்களுக்கு முக்கியம் இதுதான். துணி உக்கிப்போகும், வெட்டித் தைத்து வேறொன்றாகும். கேலிக்காக ஒருவர் கீறின கோடு, கிட்டத்தட்ட 190 வருடங்களுக்குப் பிறகு, ஒரு மாணவரின் மேசைக்கு வந்து திரும்பவும் கோட்டாகவும் சேட்டாகவும் எழும்பியது. கீறத் தெரிந்த ஒருவரால்தான் வேர்னேயின் படத்தில் எது உண்மையான வெட்டு, எது கேலிக்கு ஊதிப் பெருத்தது என்று பிரித்தறிய முடியும். கலியானோ அந்த ஊதலையும் சேர்த்தே தைத்தார். அதுதான் அவர் செய்த குழப்படி.

கல்லூரியில் இறுதியாண்டு எப்படி நகரும் என்று தெரியாதவர்களுக்கு: முதலில் தேடல், பிறகு கொப்பி கொப்பியாகக் கீறல். அவற்றில் பெரும்பாலானவை குப்பைக்கு. மிஞ்சினதை ஒரே தாளில் வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பது, எது எதோடு சேர்ந்து நடக்கும் என்று. ஃபஷன் ஓவியத்தில் உருவம் பொய்யானது. மனிதர் ஏழரைத் தலை உயரம் என்றால், தாளில் நிற்பவர் ஒன்பது தலை. அதனால் தையலுக்காக இன்னொரு படம் வேணும், பொத்தான், தையல் எல்லாம் தெரிகிற தட்டையான படம். பிறகு மலிவான கலிக்கோத் துணியில் ஒரு ஒத்திகை. நல்ல துணியில் கத்தரி வைப்பது எல்லாத்துக்கும் பிறகு. காசு இல்லாத மாணவர் பணக்கார மாணவரோடு சரிக்குச் சரி நிற்கக்கூடிய கட்டம் தாள் மட்டும்தான். துணிக்கடைக்குப் போனவுடனே வித்தியாசம் தெரிந்துவிடும்.

தாளுக்கு இந்த இடத்தை வாங்கித் தந்தவர் ஒரு பெண். மூரியல் பெம்பேர்ட்டன், 1909இல் பிறந்தவர், இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழில் ஊர்களில் இருந்து வந்தவர். 1920களின் கடைசியில் றோயல் கொலிஜ் ஒஃப் ஆர்ட்டில் சேர்ந்து, ஃபஷன் படிக்க வேணும் எண்டு கேட்டார். அப்படி ஒரு பாடமே அங்கே இல்லை. பாடத்திட்டத்தை நீயே எழுது எண்டு சொல்லிவிட்டார்கள். எழுதினார், படித்தார், அந்தக் கல்லூரியின் முதல் ஃபஷன் டிப்ளோமாவை அவரே பெற்றார். 1930களின் தொடக்கத்தில் சென் மார்ட்டின்ஸில் வாரத்துக்குக் கொஞ்ச மணித்தியாலம் கற்பிக்கப் போனவர், அங்கே ஒரு முழு ஃபஷன் பிரிவையே கட்டி எழுப்பி 1975இல்தான் ஓய்வுபெற்றார். பத்திரிகைகளுக்குக் கீறினவர் என்பதால், அவரிடம் ஃபஷன் என்றால் முதலில் உடம்பைப் பார்த்துக் கீறுவது. தையல் அதற்குப் பிறகு.

வேடிக்கை என்னவென்றால், அவர் கற்பிக்கத் தொடங்கின அதே நேரத்தில்தான் ஃபஷன் ஓவியத்தின் பிழைப்பு ஆட்டம் காணத் தொடங்கியது. 1932 யூலையில் வோக் சஞ்சிகை முதன்முதலாக ஒரு வர்ணப் புகைப்படத்தை அட்டையில் போட்டது, எட்வேர்ட் ஸ்ரைக்கன் எடுத்தது. அதுவரை அட்டை ஓவியர்களுடையது. அடுத்த சில பத்தாண்டுகளில் சஞ்சிகைப் பக்கங்களையும் கமெரா பிடித்துக்கொண்டது. "படம் எடுக்கலாமே, ஏன் கீறவேணும்?" என்று இண்டைக்கும் மாணவர்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெம்பேர்ட்டனின் வகுப்புகளில் பதில் இருந்தது: இன்னும் இல்லாத உடுப்பைக் கமெராவால் எடுக்க ஏலாது.

கலியானோவைக் கும்பிட நாங்கள் இதை எழுதவில்லை. 2011இல் பாரிஸ் மதுக்கடை ஒன்றில் யூதர்களை இழிவுபடுத்திப் பேசியதற்காக டியோர் நிறுவனம் அவரை நீக்கியது, நீதிமன்றமும் குற்றவாளி என்றது. இதைச் சொல்லாமல் 1984ஐ மட்டும் சொல்கிற கட்டுரைகளில் எங்களுக்குச் சலிப்பு.

இன்னொன்றையும் அந்தக் கட்டுரைகள் விட்டுவிடும். கலியானோ ஜிப்ரால்ரரில் பிறந்து ஆறு வயதில் லண்டன் வந்த ஒரு பிளம்பரின் மகன். 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பிரித்தானிய மாணவர்களுக்குப் பட்டப்படிப்புக் கட்டணம் இல்லை, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கும் அரசு உதவித்தொகை. இலவசக் கல்வியில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொகுப்பைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தாலும், நாள் முழுக்கக் கீறிக்கொண்டு இருக்க அந்தப் பெடியனுக்கு வருடக்கணக்கில் நேரம் இருந்தது. 1998இல் அங்கே கட்டணம் திரும்ப வந்தது, முதலில் வருடத்துக்கு 1,000 பவுண். பிறகு அது ஏறிக்கொண்டே போனது.