பெட்டி அடி தாங்கும், பை மழை தாங்கும்

மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாத ஆக்களும் இதை வாசிக்கலாம். இது பெட்டியைப் பற்றின கதை. பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் தொங்குமே, அந்தப் பக்கப்பெட்டி. கோடை வந்தால் பிக்கரிங்கிலை லிவர்பூல் றோட்டாலை பிரெஞ்ச்மன்ஸ் பே ஏரிக்கரைக்குப் போற மோட்டார் சைக்கிள்களிலை கனக்கப் பார்க்கலாம். நான் வேலை செய்யிற சாப்பாட்டுக் கடையிலை சமையலுக்கு நிக்கிற பெடியன் ஒருத்தனும் ஒரு சோடி வாங்கிப் பூட்டினவன். 'தண்ணி புகாது' எண்டு விளம்பரத்திலை போட்டிருந்ததாம். முதல் பெருமழைக்கே உள்ளுக்கை இருந்த மாத்துடுப்பைப் பிழிஞ்சு காயப்போட வேண்டி வந்திட்டுது. வித்தவைக்கு எழுதிக் கேட்டால், "மூடியை வடிவாய்ப் பூட்டினனீங்களோ?" எண்டு பதில் வந்தது.

கடையிலை எல்லாரும் சிரிச்சினம். எனக்குச் சிரிப்பு வரேல்லை. மழையிலை பெட்டிக்குள்ளை என்ன நடக்கும் எண்டது எங்கட சனத்துக்கு ஒருகாலத்திலை பெரிய விசயமாய் இருந்தது. அதுக்கு வாறதுக்கு முன்னம் இந்தப் பெட்டியின்ரை வரலாறைக் கொஞ்சம் பார்ப்பம்.

குதிரையிலை போனவை சேணத்துக்கு இரண்டு பக்கமும் தோல்பை தொங்கவிட்டினம். மோட்டார் சைக்கிள் வந்தவுடனை அதே பை இதுக்கு மாறினது. தோல் தண்ணியைக் குடிக்கும், காய்ஞ்சால் வெடிக்கும். இரண்டாம் உலகப்போரிலை பிரிட்டிஷ் இராணுவத்தின்ரை மோட்டார் சைக்கிள்களிலை கன்வஸ் பை தொங்கினது. துணியை மழைக்குத் தாக்குப்பிடிக்க வைக்கிற வித்தை அதுக்குக் கன வருசம் முந்தினது. ஸ்கொட்லாந்துக்காரரான சார்ல்ஸ் மக்கின்ரொஷ் 1823இலை இரண்டு துணிக்கு நடுவிலை ரப்பரை வைச்சு ஒட்டிக் காப்புரிமை எடுத்தவர். ஆனால் அந்த ரப்பர் வெயிலிலை இளகும், குளிரிலை விறைக்கும். 1839இலை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடை கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை பெரும்பாலும் போகும் எண்டு கண்டுபிடிச்சார். இண்டைக்குப் பெட்டி மூடியைச் சுத்தி ஓடுற ரப்பர் வளையத்துக்கு இவை இரண்டு பேரும் பாட்டன்மார் முறை.

1950களிலை இங்கிலாந்திலை கென் கிரேவன் எண்டவர் ஃபைபர்கிளாஸிலை கெட்டிப் பெட்டி செய்தார். 1970களிலை ஜேர்மனியிலை கிரவுசர் எண்ட பேரிலை, கழட்டிக் கையிலை தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி வந்தது. 1978இலை இத்தாலியிலை ஜுசெப்பே விசென்சி எண்ட முன்னாள் பந்தய ஓட்டக்காரர் கிவி கொம்பனியைத் தொடங்கினார். 2004இலை நடிகர் யூவன் மக்கிரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலை இருந்து கிழக்காலை நியூயோர்க் வரைக்கும் ஓடி ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தினம். அதுக்குப் பிறகுதான் அலுமினியப் பெட்டிக்கு உலகம் முழுக்க மவுசு.

தோலிலை இருந்து அலுமினியம் வரைக்கும் வந்தாச்சு, ஆனால் ஒழுக்கு நிண்டபாடில்லை. ஏன்?

முதலாவது, பெட்டியிலை ஓட்டை போடாமல் பெட்டி பூட்டேலாது. பூட்டுக்கு ஓட்டை, கீல் முளைக்கு ஓட்டை, சட்டத்திலை கொழுவிறதுக்கு ஓட்டை. வண்டி அதிர அதிர அந்த இடங்கள் இளகும். மழை மேலை இருந்துதான் வரும் எண்டு நாங்கள் நினைக்கிறம். பின்சில்லோ கீழை இருந்து சேத்துத் தண்ணியை அள்ளி எறியும்.

இரண்டாவது, விழுகை. பிளாஸ்ரிக் பெட்டி விழுந்தால் வளைஞ்சு திரும்ப வந்திடும், ஆனால் கடுங்குளிரிலை வெடிக்கும். அலுமினியம் நெளியும். சுத்தியலாலை அடிச்சு நிமிர்த்தலாம். ஆனால் ஒருக்கால் நெளிஞ்ச வாய் மூடியோடை பழையபடி பொருந்திறது கஷ்டம்.

மூண்டாவதைத்தான் கனபேர் யோசிக்கிறேல்லை. அது காத்து. வெயிலிலை நிண்ட பெட்டிக்குள்ளை காத்து 45 பாகை எண்டு வையுங்கோ. திடீரெண்டு மழை கொட்டி அது 20 பாகைக்கு இறங்கினால், காத்து கிட்டத்தட்ட 8 வீதம் சுருங்கும். 40 லீற்றர் பெட்டி எண்டால் 3 லீற்றர் காத்தின்ரை இடம் வெறுமையாகும். பெட்டி உண்மையிலேயே இறுக்கமாய் இருந்தால், 40 சதமமீற்றர் நீளமும் 25 சதமமீற்றர் அகலமும் உள்ள மூடியிலை 80 கிலோ ஆள் ஒருத்தர் ஏறி நிக்கிற மாதிரி வெளிக்காத்து அமத்தும். எங்கையாவது மயிரளவு இடுக்கு இருந்தால் அந்தப் பெட்டி உறிஞ்சிக் குடிக்கும். அந்த நேரம் பார்த்து இடுக்கிலை நிக்கிறது மழைத்தண்ணி! 1976இலை கலிபோர்னியாவிலை தொடங்கின பெலிக்கன் கொம்பனியின்ரை கெட்டிப் பெட்டிகளிலை காத்துப் போய்வர ஒரு சின்ன வால்வு இருக்கிறது சும்மா வடிவுக்கில்லை.

நாலாவது, ரப்பர். குளிர்நாட்டிலை இருக்கிற நாங்கள் இதை மறக்கக்கூடாது. 1986 ஜனவரி 28 சலஞ்சர் விண்ணோடம் வெடிச்சு ஏழு பேர் செத்தவை. காரணம், குளிரிலை விறைச்சுப்போன ஒரு ரப்பர் வளையம் இடைவெளியை நேரத்துக்கு அடைக்கேல்லை. விசாரணையிலை ரிச்சர்ட் ஃபைன்மன் எண்ட விஞ்ஞானி அந்த ரப்பர்த் துண்டை நசுக்கிப் பிடிச்சு ஐஸ் தண்ணிக்குள்ளை வைச்சு, எடுத்து விட்டுக் காட்டினார். அது உடனை நிமிரேல்லை. எங்கட ஆக்கள் கார்த்திகையிலை மோட்டார் சைக்கிளைக் கராஜுக்குள்ளை விட்டுப் பெட்டியை இறுக்கிப் பூட்டிப்போட்டு சித்திரையிலைதான் திறப்பினம். அஞ்சு மாசம் நசுங்கிக் கிடந்த ரப்பர் பிறகு எப்பிடி நிமிரும்? குளிர்காலத்திலை மூடியைக் கொழுவாமல் விடுறதுதான் புத்தி.

இனி எங்கட ஊருக்கு வாறன்.

யாழ்ப்பாணத்திலை இரண்டு சில்லிலை பெட்டி கட்டி ஓடுறது புதுசில்லை. பாண்காரரின்ரை சைக்கிள் பெட்டியும் ஐஸ்பழப் பெட்டியும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜப்பான் தபால்துறைக்கெண்டு ஹொண்டா 1971இலை இருந்து செய்த எம்டி வகை மோட்டார் சைக்கிள்கள், அங்கை ஓடி முடிஞ்சபிறகு இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சிவப்பு எம்டி 90 தெரியாத வன்னிச் சனம் இல்லை. ஜப்பானிலை கடிதம் நனையாமல் இருக்க முன்னுக்குப் பையும் பின்னுக்குப் பெட்டியும் பூட்டி ஓடினது. எங்களிட்டை வரேக்கை வெறும் கரியர்தான். மிச்சத்தை நாங்கள் பழைய ரியூப்பாலை இழுத்துக் கட்டினம்.

1990 ஆனியிலை திரும்பவும் சண்டை தொடங்கி, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. நாலு துளி பெற்றோலிலை இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயிலை ஓடின காலம். ஆனையிறவுப் பாதை மூடினபிறகு கிளாலிக் கடனீரேரிதான் வழி. சைக்கிளும் சாமானுமாய் இரவிலை வள்ளத்திலை ஏறோணும். 1993 ஜனவரி 2 அந்தத் தண்ணியிலை எத்தினை சனம் செத்தது எண்டு உங்களுக்குத் தெரியும். உப்புத்தண்ணி தெறிக்கிற அந்த வள்ளத்திலை சனம் நம்பினது உரப்பையை. தடையாலை யூரியா வாறது நிண்டிருந்தாலும் பழைய பைகள் கைமாறிக்கொண்டே இருந்தது. வெளியிலை பின்னின பிளாஸ்ரிக், உள்ளுக்கை பொலித்தீன். வாயை மூண்டு நாலு தரம் மடிச்சுக் கட்டினால் போதும்.

1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் முழுக்க ஒரே இரவிலை வெளிக்கிட்டது. மாரிமழை. நாவற்குழிப் பாலத்தாலை லட்சக்கணக்கான சனம் அடி அடியாய் நகர்ந்தது. எனக்கு அப்ப 16 வயது. எங்களிட்டை அப்பாவின்ரை சிடி 125 இருந்தது. அதை உருட்டிக்கொண்டுதான் போனம். கரியரிலை தகரப்பெட்டி, அதுக்குள்ளை அண்ணாவின்ரையும் என்ரையும் சான்றிதழ்கள். பக்கத்திலை தொங்கின உரப்பைக்குள்ளை அம்மா காணி உறுதியளை வைச்சு மடிச்சுக் கட்டியிருந்தா. கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலை வைச்சுப் பெட்டியைத் திறந்தால், அடியிலை இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி. பூட்டு ஓட்டையாலையும் மூலைப் பொருத்தாலையும் போன தண்ணி திரும்பி வெளியிலை வர வழியில்லை. உறுதி காய்ஞ்சபடியே இருந்தது.

தட்டச்சு எழுத்து தப்பினது. பேனை மையிலை எழுதினது கரைஞ்சு நீலமாய்ப் பரவிப்போச்சு. அண்ணாவின்ரை பிறப்புச் சான்றிதழிலை வருசத்தின்ரை கடைசி இலக்கம் 1 ஓ 7 ஓ எண்டு தெரியாது. கன வருசத்துக்குப் பிறகு வெளிநாட்டு அலுவலகம் ஒண்டிலை அந்த ஒரு இலக்கத்துக்காக அவனை மூண்டு தரம் கூப்பிட்டுக் கேள்வி கேட்டவை. "மழையிலை நனைஞ்சது" எண்டு அவன் சொல்ல, எழுதினவர் தலை நிமிர்ந்து பார்க்கவும் இல்லையாம்.

இது சின்ன விசயமில்லை. கனடாவிலை 2002இலை நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்ரை 106ஆம் பிரிவை எடுங்கோ. அகதிக் கோரிக்கை வைச்சவரிட்டை ஆளை அடையாளம் காட்டிற பத்திரம் இருக்கோ, இல்லாட்டி ஏன் இல்லை எண்டதுக்கு ஏற்கக்கூடிய விளக்கம் குடுத்தவரோ எண்டதை, அவரை நம்பலாமோ எண்டு தீர்மானிக்கேக்கை கணக்கிலை எடுக்கவேணும் எண்டு அது சொல்லுது. ஒரு பெட்டியின்ரை பொருத்து ஒழுகினால் ஒரு மனிசன் சொல்லுறதிலை சந்தேகம் வரலாம்.

இப்ப திரும்ப ஜேர்மனிக்கு. ஹார்ட்முட் ஓர்ட்லீப் எண்ட இளைஞர் 1981இலை இங்கிலாந்திலை மழைக்குள்ளை சைக்கிள் ஓடித் திரிஞ்சபோது, லொறிகளை மூடின தார்ப்பாய்க்குக் கீழை சாமான் நனையாமல் இருக்கிறதைக் கண்டார். 1982இலை அந்தத் துணியிலை பை தைச்சு விக்கத் தொடங்கினார். இப்ப உலகம் முழுக்கச் சைக்கிளிலையும் மோட்டார் சைக்கிளிலையும் தொங்கிற, வாயைச் சுருட்டி மூடுற பைகள் அந்த வகைதான். ஓட்டை இல்லை, கீல் இல்லை, நசுங்கிப்போக ரப்பர் வளையமும் இல்லை. உள்ளுக்கை காத்துச் சுருங்கினால் பையும் சேர்ந்து சுருங்கும். அதனாலை தண்ணியை உறிஞ்சாது. அம்மாவின்ரை உரப்பையும் இதே காரணத்தாலைதான் தப்பினது. அவ அதுக்குக் காப்புரிமை எடுக்கேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் பை அடி தாங்காது, கூரான சாமான் பட்டால் கிழியும். அதாலை தூரப்பயணம் போற அனுபவசாலிகள் இப்ப இரண்டையும் சேர்க்கினம். வெளியிலை அலுமினியப் பெட்டி, உள்ளுக்கை சுருட்டி மூடுற பை. ஒரே பெட்டி அடியையும் தாங்கோணும் மழையையும் தாங்கோணும் எண்டு கேட்டால், கடைசியிலை இரண்டும் அரைகுறைதான். 'தண்ணி புகாது' எண்ட சொல்லுக்குக் கூடக் காசு குடுக்காதையுங்கோ. ஒழுகும் எண்டு நினைச்சுக்கொண்டே பெட்டியை வாங்குங்கோ.

மோட்டார் சைக்கிள் இல்லாத ஆக்களுக்கும் ஒண்டு. 2013 ஆடி 8 ரொறன்ரோ விமான நிலையத்திலை ஒரே நாளிலை 126 மில்லிமீற்றர் மழை பெய்து, நகரத்திலை எத்தினையோ வீட்டு நிலக்கீழ் அறைக்குள்ளை தண்ணி போனது. எங்கட கனபேரின்ரை வீட்டிலை அம்மா அப்பா கொண்டுவந்த உறுதி, சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாம் அந்த அறையிலை ஒரு சூட்கேசுக்குள்ளைதான் கிடக்கு. சூட்கேசும் ஒரு பெட்டிதான். இந்தக் கிழமை ஒருக்கால் அதைத் திறந்து, கடதாசியளைப் படம் எடுத்து வைச்சுப்போட்டு, ஒரு நல்ல பைக்குள்ளை போட்டு வாயை நாலு தரம் மடிச்சுக் கட்டி, மேல்மாடியிலை கொண்டுபோய் வையுங்கோ.