பெர்ல் மொழியும் அதன் எச்சரிக்கைகளும்

லாரி வால் 1987 டிசம்பரில் பெர்ல் மொழியை வெளியிட்டார். கோப்புகளைப் படித்து, வேண்டியதைப் பொறுக்கி, அறிக்கையாகத் தருவதுதான் அப்போது அதன் முக்கிய வேலை. சட்டென்று எழுதி முடிக்க வேண்டும் என்பதால் மொழி ரொம்பவே தாராளமாக இருந்தது. மாறிகளை முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். மதிப்பே தராத மாறியைக் கூட்டினால் அது பூஜ்யம், எழுத்தோடு ஒட்டினால் வெற்றுச் சரம். தப்பாக எழுதினாலும் ஓடும்!

இந்தத் தாராளம் எங்கே கடிக்கும்? மதிப்பெண் பட்டியலில் 'கீதா' என்ற பெயரைத் தேட ஒருவர் '==' போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெர்லில் அது எண்களை ஒப்பிடும் குறி. சரங்களை ஒப்பிட 'ஈக்யூ' என்று தனியாக உண்டு. எண்ணாக மாற்ற முடியாத சரம் பூஜ்யமாகிவிடும். கீதாவும் பூஜ்யம், ரவியும் பூஜ்யம். ஆக இருவரும் ஒருவரே! பட்டியலில் முதலில் இருப்பவரின் மதிப்பெண் கீதாவுடையதாக வந்து நிற்கும். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது என்பதுதான் இதில் மோசம்.

இதற்கு மருந்தாக இருந்தது '-டபிள்யூ' என்ற சுவிட்ச். அதைப் போட்டால் இது எண் அல்லவே என்று வரி எண்ணோடு முணுமுணுக்கும். நிபந்தனைக்குள் '==' க்குப் பதில் ஒற்றை '=' இருந்தாலும், ஒரு பொது மாறியின் பெயர் ஒரே ஒரு முறை வந்தாலும் (பெரும்பாலும் எழுத்துப்பிழைதான்) சொல்லிவிடும். இந்தச் சுவிட்ச் கட்டாயமில்லை என்பதையே ஒரு வழுவாகக் கையேட்டில் எழுதி வைத்தார்கள். குறும்புதான், ஆனால் பொய்யில்லை.

1994 அக்டோபரில் வந்த பெர்ல் 5 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' தந்தது. அறிவிக்காத மாறி இருந்தால் நிரல் ஓடவே ஓடாது. ஆனால் '-டபிள்யூ'வில் ஒரு சிக்கல் தொடர்ந்தது. அது நிரல் முழுவதற்கும் பொது. யாரோ எழுதிய தொகுதியை இழுத்துப் பயன்படுத்தினால் அதிலுள்ள குறைகளுக்கும் எச்சரிக்கை கொட்டும். இணையதள ஸ்கிரிப்ட் என்றால் சர்வரின் பிழைப் பதிவேடு வீங்கும். தொல்லை தாங்காமல் சுவிட்சையே எடுத்துவிட்டால் சொந்தப் பிழையும் சேர்ந்து மறைந்துவிடும்.

2000 மார்ச்சில் வந்த 5.6 இதைச் சரிசெய்தது. பால் மார்க்வெஸ் வடிவமைத்த 'யூஸ் வார்னிங்ஸ்' அது எழுதப்பட்ட கோப்புக்கோ அடைப்புக்குறிப் பகுதிக்கோ மட்டும் பொருந்தும். அடுத்தவர் தொகுதியைத் தொடாது. வேண்டாத ஒருவகை எச்சரிக்கையை இரண்டு வரிக்கு மட்டும் அணைக்கலாம், வேண்டுமானால் எச்சரிக்கை வந்ததும் நிரலை நிறுத்தவும் செய்யலாம்.

ஆனாலும் அந்த வரியை எழுத மறப்பவர்கள் இருந்தார்களே... 2022 மே மாதம் வந்த 5.36இல்தான், அந்தப் பதிப்பு வேண்டும் என்று நிரலின் தலையில் அறிவித்தாலே எச்சரிக்கைகள் தாமாக இயங்கும்படி ஆனது. அறிவிக்காத பழைய ஸ்கிரிப்ட்களில் கீதாவும் ரவியும் இன்னும் ஒருவர்தான்.