காரைக்குடிப் பழம்பொருள் கடைகள்

சிவகங்கை மாவட்டம் காரைக்குடியின் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் அமைந்துள்ளன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத்தூண்கள், நிலைக்கதவுகள், ஊஞ்சல் பலகைகள், பெட்டகங்கள், நாற்காலிகள் போன்றவை இங்கு விற்கப்படுகின்றன.

தேக்கு வந்த வழி

1852-இல் கீழ் பர்மா பிரித்தானியர் வசமானது. பின்னர் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தின் நெல் விவசாயத்துக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் பெருமளவில் கடன் வழங்கினர். அந்த வருவாயில் சொந்த ஊர்களில் பெரிய வீடுகளைக் கட்டினர். அவற்றுக்கான தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. தச்சர்கள் அந்தந்த வீட்டின் அளவுக்கேற்பத் தூண்களையும் கதவுகளையும் செதுக்கினர்.

வீட்டிலிருந்து கடைக்கு

1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன்கள் முடங்கின. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் நகரத்தார் பலர் ஊர் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, விளைநிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருவாய் நின்றபின், பங்காளிகள் பலருக்குப் பொதுவான பெரிய வீடுகளைப் பராமரிப்பது கடினமாயிற்று. சில வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் மரப்பொருட்கள் கடைகளுக்கு வந்தன.

இன்றைய நிலை

வீடு, விடுதி கட்டுவோரும் சேகரிப்பாளர்களும் இவற்றை வாங்குகின்றனர். இதனால் பழைய வேலைப்பாடு விறகாகாமல் தப்புகிறது. ஆனால் பழைய தூணுக்குத் தரும் விலை, புதிய தூண் செதுக்கும் தச்சருக்கு வேலை தருவதில்லை. எந்த ஊர், எந்த வீடு என்ற குறிப்பின்றிக் கைமாறும் பொருள் தன் வரலாற்றையும் இழக்கிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேச உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.